உளப்பகுப்பாய்வு தோன்றிய கதை



கோடைக்காலம். தாகம் தொண்டையை வறட்டுகிறது. எதிரே கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த நீர் இருக்கிறது. ஓர் இளம்பெண் கையை நீட்டிக் குவளையை எடுக்கிறார். உதட்டருகே கொண்டு போனதும் அருவருப்போடு தள்ளிவிடுகிறார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. இப்படி ஏறத்தாழ ஆறு வாரங்கள், நீர்ச்சத்துள்ள பழங்களைத் தின்றே அந்தப் பெண் தாகத்தைத் தணித்துக்கொண்டார்.

இது நடந்தது ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவில். அந்தப் பெண்ணின் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். 1859இல் செல்வமும் ஆசாரமும் மிக்க யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அறிவுக்கூர்மையில் குறைவில்லை. ஆயினும் பதினாறு வயதோடு படிப்பு நிறுத்தப்பட்டது. தம்பி பல்கலைக்கழகம் போனார். அக்காள் வீட்டில் தையலும் பின்னலுமாகத் திருமணத்துக்குக் காத்திருந்தார். வியன்னாப் பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கதவைத் திறந்ததே 1897இல்தான். மருத்துவப் படிப்புக்கு 1900 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1880ஆம் ஆண்டு அவருடைய தந்தை நோயில் விழுந்தார். இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்தது மகள்தான். சில மாதங்களில் மகளே படுக்கையில் விழுந்தார். ஓயாத இருமல், மாறுகண் பார்வை, வலக்கை விளங்காமை. தாய்மொழியாகிய ஜெர்மன் மறந்து போய் ஆங்கிலம் மட்டுமே வாயில் வந்தது. உடலைச் சோதித்த மருத்துவருக்கு எந்தக் குறையும் தென்படவில்லை.

அந்த மருத்துவர் ஜோசஃப் புரோயர். வியன்னாவில் பெயர் பெற்றவர், பொறுமைசாலி. மாலை வேளைகளில் வந்து, பெர்த்தாவை அறிதுயிலில் ஆழ்த்தி, அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் பெர்த்தா ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொன்னார். வீட்டில் துணைக்கு இருந்த ஆங்கிலேய மாதின் நாய், மனிதர் குடிக்கும் குவளையில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்ததை அவர் பார்த்திருக்கிறார். மரியாதைக்காக வாயைத் திறக்கவில்லை. அடக்கி வைத்த அந்த வெறுப்பையெல்லாம் கொட்டித் தீர்த்தார். உடனே தண்ணீர் கேட்டார், மடமடவென்று குடித்தார், குவளை உதட்டில் இருக்கும்போதே விழித்துக்கொண்டார்.

இந்த முறைக்குப் பெயர் வைத்தவரும் நோயாளியேதான். பேச்சு வைத்தியம் என்றார். விளையாட்டாக, புகைபோக்கியைத் துடைப்பது என்றும் சொன்னார். குளிர் நாடுகளில் அடுப்புப் புகை போகும் குழாயில் கரி அடைத்துக்கொண்டால் வீடே புகைந்துவிடும். அதைத் துடைப்பதற்கென்றே ஆள் வருவான். அதைத்தான் அவர் குறிப்பிட்டார். உளப்பகுப்பாய்வு என்று இன்று உலகம் அறிந்திருக்கும் முறைக்கு இந்த நோயாளியின் படுக்கையருகேதான் வித்து விழுந்தது என்பது வரலாறு.

இத்தகைய நோயை அந்நாளில் ஹிஸ்டீரியா என்றார்கள். கருப்பை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர். பெண்ணின் கருப்பை கோளாறு செய்வதால் வரும் நோய் என்று பழங்காலத்தார் நம்பினர். இடைக்காலத்தில் ஐரோப்பாவில் இத்தகைய பெண்களைப் பேய் பிடித்தவர்கள் என்றும் சூனியக்காரிகள் என்றும் சொல்லி வதைத்ததுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வதைப்பது நின்றது. பாசாங்கு என்ற பழி வந்து சேர்ந்தது. உடலில் குறையில்லை என்றால் பொய்தானே என்பது பல மருத்துவர்களின் கட்சி. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி, நடிக்கிறாயா என்ற கேள்வியைப் பதிலாகப் பெற்றவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

இந்தக் கேள்வி சீமாட்டிகளோடு நிற்கவில்லை. இரயில் வந்த பிறகு இரயில் விபத்துகளும் வந்தன. எலும்பு முறியாது, இரத்தம் சிந்தாது. ஆனால் விபத்தில் தப்பியவருக்கு மாதக்கணக்கில் நடுக்கம், தூக்கமின்மை, கைகால் செயலிழப்பு. இரயில் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டுமா, வேண்டாமா என்று இங்கிலாந்தில் 1860களிலேயே வழக்குகள் நடந்தன. ஜெர்மனியில் 1884இல் தொழிலாளர் விபத்துக் காப்புறுதிச் சட்டம் வந்ததும், தொழிற்சாலையில் அடிபட்டவனின் கண்ணுக்குத் தெரியாத நோய் உண்மையா, பணத்துக்காகச் செய்யும் நடிப்பா என்று மருத்துவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். ஆக, மனநோயின் வரலாற்றில் உழைப்பாளியின் கூலியும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

பாசாங்கு என்ற பழியைத் துடைத்தவர்களில் முதல்வர் பாரிஸ் நகரத்து மருத்துவர் ஷார்க்கோ. சால்பெத்ரியேர் என்னும் மாபெரும் மருத்துவமனை அவர் பொறுப்பில் இருந்தது. ஆதரவற்ற ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அடைந்து கிடந்த இடம் அது. ஒருவரை அறிதுயிலில் ஆழ்த்தி, உன் கை விளங்காது என்று சொன்னால் கை விளங்காமல் போகிறது. விளங்கும் என்றால் விளங்குகிறது. இதை அவர் மேடையிலேயே செய்து காட்டினார். வெறும் எண்ணம் உடலை முடக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வண்டியோட்டி, கொத்தனார் போன்ற உழைப்பாளி ஆண்களுக்கும் விபத்துக்குப் பின் ஹிஸ்டீரியா வருகிறது என்றும் காட்டினார். ஷார்க்கோவிடம் ஒரு குறை உண்டு. நோயாளிகளைப் பார்த்தார், படம் பிடித்தார், கூட்டத்துக்கு முன் காட்டினார். அவர்கள் சொல்வதைக் கேட்பதில் அவருக்கு அவ்வளவு நாட்டமில்லை.

1885 அக்டோபரில் உதவித்தொகை பெற்று அவரிடம் கற்க வந்தார் இருபத்தொன்பது வயது நிரம்பிய ஓர் இளம் மருத்துவர். அவர்தாம் சிக்மண்ட் ஃபிராய்டு.

ஃபிராய்டு 1856 மே 6ஆம் நாள் இன்றைய செக் நாட்டிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை கம்பளி வியாபாரி, வியாபாரம் நொடித்தது. குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. ஆஸ்திரியாவில் யூதர்களுக்கு முழுமையான குடியுரிமைச் சமத்துவம் சட்டப்படி கிடைத்தது 1867இல்தான். சட்டம் மாறியது, மனம் மாறவில்லை. ஃபிராய்டு சிறுவனாக இருந்தபோது தந்தை தம் இளமைக்கால அனுபவம் ஒன்றைச் சொன்னார். நல்லுடை உடுத்துப் புதுத் தொப்பி அணிந்து தெருவில் நடந்தபோது, ஒருவன் தொப்பியைத் தட்டிச் சேற்றில் எறிந்து, யூதனே, நடைபாதையை விட்டு இறங்கு என்றானாம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மகன் கேட்டான். இறங்கித் தொப்பியை எடுத்துக்கொண்டேன் என்றார் தந்தை. அந்தப் பதில் சிறுவனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது என்பதைப் பின்னாளில் ஃபிராய்டே எழுதியிருக்கிறார்.

மருத்துவராக வேண்டும் என்ற ஆசை அவருக்குப் பெரிதாக இருந்ததில்லை. ஆராய்ச்சியாளராகவே வாழ விரும்பினார். மாணவராக இருந்தபோது விலாங்கு மீனின் ஆண் உறுப்பைத் தேடி ஏறத்தாழ நானூறு மீன்களை அறுத்துப் பார்த்தவர் அவர். ஆறு ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் நரம்புகளை நுண்ணோக்கியில் பார்த்துக் கழித்தார். 1882இல் அவர் ஆசிரியர் புரூக்கே அழைத்து, உன் கைப்பொருள் நிலைக்கு ஆராய்ச்சி கட்டாது, மருத்துவத் தொழிலுக்குப் போ என்று அறிவுரை சொன்னார். அதே ஆண்டு ஃபிராய்டுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மணமகளின் வீட்டிலும் பணமில்லை. பணமிருந்திருந்தால் அவர் நரம்பாராய்ச்சியாளராகவே முடிந்திருப்பார், உளப்பகுப்பாய்வு வேறொருவருக்குக் காத்திருந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

பாரிஸிலிருந்து திரும்பி 1886இல் வியன்னாவில் சொந்தமாக மருத்துவம் தொடங்கினார். அந்த அக்டோபரில், ஆண்களுக்கும் ஹிஸ்டீரியா உண்டு என்று மருத்துவர் சங்கத்தில் பேசினார். கருப்பை இல்லாத ஆணுக்கு எப்படி அந்த நோய் வரும் என்று ஒரு முதிய மருத்துவர் கேட்டாராம். ஒரு நோயாளியைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று சங்கத்தார் சவால் விட்டார்கள். நவம்பர் 26ஆம் நாள் ஃபிராய்டு ஒருவரை அழைத்து வந்து நிறுத்தினார். உலோகத்தில் சித்திரம் செதுக்கும் தொழிலாளி அவர், வயது 29. உடன்பிறந்தவன் கத்தியைக் காட்டி மிரட்டிய அதிர்ச்சிக்குப் பின் உடம்பின் ஒரு பாதி உணர்வற்றுப் போயிருந்தது. பெரியவர்கள் கை தட்டினார்கள். ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்று ஃபிராய்டு மனக்குறையோடு எழுதுகிறார். நாம் இங்கே கவனிக்க வேண்டியது அந்தச் செதுக்குத் தொழிலாளியை. உளப்பகுப்பாய்வின் கதையில் முதலில் மேடையேறிய ஆண் நோயாளி ஓர் உழைப்பாளி.

ஆனால் மருத்துவருக்கு வாடகை கட்ட வேண்டுமே. அதைக் கட்டியவர்கள் வசதி படைத்த குடும்பங்களின் பெண்கள். ஃபிராய்டும் முதலில் அந்நாளைய வழக்கப்படி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார், குளியல், உடம்பு பிடித்துவிடுதல் எல்லாம் செய்தார். பிறகு அறிதுயிலுக்கு வந்தார். அதிலும் அவர் கெட்டிக்காரர் அல்லர்; பலர் தூங்கவே மறுத்தார்கள். புத்தகத்தில் எம்மி என்ற புனைபெயர் பெற்ற ஓர் அம்மையாரை அவர் கேள்விமேல் கேள்வி கேட்டுத் துளைத்தார். அந்த அம்மையார் சலித்துக்கொண்டு, எது எங்கிருந்து வந்தது என்று ஓயாமல் கேட்காதீர்கள், நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடுங்கள் என்ற பொருள்படச் சொன்னார். ஃபிராய்டு வாயை மூடிக்கொண்டார். மனத்தில் வருவதை ஒளிக்காமல், ஒழுங்குபடுத்தாமல், வந்தபடியே சொல்லும் முறை அப்படி ஏற்பட்டது. பேச்சு வைத்தியத்துக்குப் பெயர் வைத்தவர் ஒரு நோயாளி. மருத்துவருக்குக் கேட்கக் கற்றுக் கொடுத்தவர் மற்றொரு நோயாளி.

ஒரு நோயாளி அன்பளிப்பாகக் கொடுத்த சாய்விருக்கையில் வந்தவரைப் படுக்க வைத்துவிட்டுத் தலைமாட்டில், அவர் கண்ணுக்குத் தெரியாதபடி ஃபிராய்டு அமர்ந்துகொள்வார். இதற்குப் பெரிய தத்துவம் ஏதோ இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நாளைக்கு எட்டு மணிநேரம் ஒருவர் மாற்றி ஒருவர் தம் முகத்தை உற்றுப் பார்ப்பது தமக்குப் பொறுக்கவில்லை என்று அவரே காரணம் சொன்னார்.

1890களில் ஒரு விடுமுறையின்போது ஆல்ப்ஸ் மலைமேல் ஏறினார். மலை விடுதியில் உணவு பரிமாறிய பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, வருகைப் புத்தகத்தில் அவர் மருத்துவர் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தாள். மூச்சு முட்டுகிறது, தலை வெடிப்பதுபோல் இருக்கிறது, ஒரு கொடிய முகம் கண்முன் வந்து மிரட்டுகிறது என்றாள். ஃபிராய்டு சாய்விருக்கையும் இல்லாமல், கட்டணமும் இல்லாமல், மலைக்காற்றில் உட்கார்ந்து அவள் கதையைக் கேட்டார். நெருங்கிய உறவினர் ஒருவர் அவளிடம் முறைகேடாக நடந்துகொள்ள முயன்றிருக்கிறார். அந்த முகம் அவருடைய முகம். சொல்லி முடித்தபோது அவள் முகம் தெளிந்தது. கத்தரீனா என்ற புனைபெயரில் இதை வெளியிட்டபோது அந்த உறவினரை மாமன் என்று எழுதினார். 1924இல்தான், அது அவளுடைய தந்தையே என்று ஓர் அடிக்குறிப்பில் உண்மையைத் தெரிவித்தார்.

புரோயரும் ஃபிராய்டும் சேர்ந்து ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வு நூலை 1895இல் வெளியிட்டார்கள். பெர்த்தாவும் அதில் புனைபெயரில் வருகிறார். உளப்பகுப்பாய்வு என்ற சொல்லை ஃபிராய்டு முதன்முதலில் அச்சில் பயன்படுத்தியது 1896இல். கனவுகளின் விளக்கம் என்னும் நூல் 1899 நவம்பரில் வெளிவந்தது. அச்சிட்டது 600 படிகள். அவை விற்று முடிய எட்டு ஆண்டுகள் ஆயின.

அப்படி அவர் சொன்னதுதான் என்ன? நாம் அறிந்த மனம் ஒரு பகுதிதான். நாம் அறியாத நனவிலி மனம் ஒன்று உண்டு. பொறுக்க முடியாத நினைவையும் ஆசையையும் நாம் அங்கே தள்ளிவிடுகிறோம். தள்ளியது சாவதில்லை; கனவாகவும், வாய்தவறிய பேச்சாகவும், நோயாகவும் திரும்பி வருகிறது. 1909இல் அமெரிக்காவில் கிளார்க் பல்கலைக்கழகத்தில் பேசியபோது ஃபிராய்டு இதற்கு ஓர் உவமை சொன்னார். கூட்டத்தில் ஒருவன் கூச்சல் போடுகிறான்; நான்கு பேர் சேர்ந்து அவனை வெளியே தள்ளிக் கதவை அடைத்துவிடுகிறார்கள். அவன் வெளியே நின்று கதவை இடிக்கிறான். கூட்டம் இப்போதும் நடக்க முடியவில்லை. யாராவது போய் அவனிடம் பேசிச் சமாதானம் செய்து உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்தால்தான் அமைதி. அந்தச் சமாதானப் பேச்சே மருத்துவர் செய்வது.

இங்கே ஃபிராய்டின் குறையையும் சொல்லியாக வேண்டும். குழந்தைப் பருவத்தில் பெரியவர்களால் நேர்ந்த பாலியல் கொடுமையே ஹிஸ்டீரியாவுக்குக் காரணம் என்று 1896இல் வியன்னா மருத்துவர்களிடம் துணிந்து சொன்னார். அறிவியல் தேவதைக் கதை என்று தலைமை வகித்த பேராசிரியர் ஒதுக்கினார். மறு ஆண்டே ஃபிராய்டு தம் கொள்கையை மாற்றிக்கொண்டார். கேட்டவற்றில் பல, நடந்தவை அல்ல, மனத்தின் கற்பனைகள் என்ற முடிவுக்கு வந்தார். அத்தகைய கொடுமை நடப்பதேயில்லை என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஆயினும் அவர் வழி வந்தவர்கள் பலர், உண்மையாகவே பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் முறையீட்டையும் கற்பனை என்று தள்ளிவிட அது இடம் கொடுத்தது. கேட்பதற்கென்று பிறந்த கலையில் இது பெரிய களங்கம் என்பது நம் கருத்து.

1900இல் பதினெட்டு வயது நங்கை ஒருத்தியைத் தந்தை அவரிடம் கூட்டி வந்தார். டோரா என்பது புனைபெயர். தந்தையின் நண்பர் தன்னிடம் தகாதபடி நடந்ததாக அவள் சொன்னதைத் தந்தை நம்ப மறுத்தார். ஃபிராய்டு நம்பினார். ஆனால் அதோடு நில்லாமல், உண்மையில் நீ அந்த மனிதரை விரும்புகிறாய் என்று தம் விளக்கத்தை அவள்மேல் திணிக்கப் பார்த்தார். பதினொரு வாரம் பொறுத்த அவள் ஆண்டின் கடைசி நாளன்று விடைபெற்றுக்கொண்டு போய்விட்டாள். தோல்வியை மறைக்காமல் 1905இல் அவரே அச்சிட்டார் என்பது அவருக்குப் பெருமை. அவள் போனது சரிதான் என்று இன்று படிப்பவர்களில் பலர் நினைக்கிறார்கள்.

இந்த ஆண்டுகளின் வியன்னா எப்படிப்பட்ட ஊர்? 1910இல் அங்கே இருபது இலட்சம் பேர். வட்டச் சாலையில் அரண்மனைபோன்ற மாளிகைகள், நாடகம், இசை. புறநகரில் ஆலைத் தொழிலாளர்கள், ஓர் அறையில் ஒரு குடும்பம். வாடகை கட்ட முடியாமல் அந்த அறையிலும் படுக்கையை மட்டும் சில மணிநேரத்துக்குப் பிறருக்கு வாடகைக்கு விடுவார்கள். இரவுவேலை முடித்தவன் பகலில் வந்து படுத்துக்கொள்வான். அவர்களுக்குப் படுக்கைக் குடித்தனக்காரர் என்றே பெயர். லயத்து வீட்டின் நெருக்கத்தைக் கண்ட நம் மூத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காசநோய்க்கு வியன்னா நோய் என்ற பெயரே வழங்கியது. 1897இல் யூத வெறுப்பையே ஓட்டாக மாற்றிய கார்ல் லூகர் மேயராகப் பதவியேற்றார். ஃபிராய்டு பேராசிரியர் பட்டத்துக்காகப் பல்கலைக்கழகத்தில் 1885 முதல் 1902 வரை காத்திருந்தார்.

அதே 1902இல் புதன்கிழமைதோறும் நால்வர் ஃபிராய்டின் வீட்டில் கூடத் தொடங்கினர். நான்கு பேரும் மருத்துவர்கள். மதிப்பான மருத்துவச் சங்கங்களின் ஓரத்தில் நின்றவர்கள். அவர்களில் ஆல்ஃபிரட் ஆட்லர் குறிப்பிடத்தக்கவர். அவருடைய நோயாளிகள் சாதாரண மக்கள். 1898இலேயே தையல் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். காற்றில்லாத அறையில் குனிந்தபடி நெடுநேரம் தைப்பவனின் நோய்க்கு அவன் வேலைதான் காரணம் என்று எடுத்துக் காட்டினார். தாழ்வுணர்ச்சி என்ற கருத்தை உலகில் பரப்பியவரும் இவரே. 1911இல் ஃபிராய்டோடு கருத்து மாறுபட்டுப் பிரிந்தார்.

1914இல் மூண்ட முதல் உலகப் போர் ஹிஸ்டீரியாவை இலட்சக்கணக்கான ஆண்களின் நோயாக்கிவிட்டது. குண்டு படாமலே நடுங்கினார்கள், ஊமையானார்கள், கால் விளங்காமல் போனார்கள். உழவனும் ஆலைத் தொழிலாளியுமான சிப்பாய்கள் இவர்கள். பழைய கேள்வி மறுபடியும் எழுந்தது: உண்மையா, பாசாங்கா? ஆஸ்திரியப் படை மருத்துவர்கள் சிலர் மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். நோயைவிட வைத்தியம் கொடியது என்று கண்டு சிப்பாய் போர்முனைக்கே திரும்பிப் போக வேண்டும் என்பதுதான் நோக்கம். போர் முடிந்து 1920இல் விசாரணை நடந்தது. ஃபிராய்டு சாட்சியம் கூறினார். தம் படை ஓடிவிடாதபடி பின்னால் நிறுத்திய இயந்திரத் துப்பாக்கியைப்போல் மருத்துவர்கள் ஆகிவிட்டார்கள் என்ற கருத்தை அங்கே சொன்னார். குற்றம் சாட்டப்பட்ட பேராசிரியரைத் தனிப்பட்ட முறையில் கொடுமைக்காரர் என்று அவர் சொல்லவில்லை. விசாரணையும் அவரை விடுவித்தது.

போர் முடியும் தறுவாயில், 1918 செப்டம்பரில் புடாபெஸ்ட் நகரில் ஃபிராய்டு ஆற்றிய உரையே நம்மைப் பொறுத்தவரை அவர் வாழ்வில் மிக முக்கியமானது. அதுவரை உளப்பகுப்பாய்வு காசுள்ளவர்களின் வைத்தியம். வாரத்தில் ஐந்தாறு நாள், நாளுக்கு ஒரு மணி, மாதக்கணக்கில் வர எந்தக் கூலியாளால் முடியும்? அன்று அவர் சொன்னதன் சாரம் இதுதான். அறுவை சிகிச்சை பெற ஏழைக்கு எவ்வளவு உரிமை உண்டோ, மனநோய்க்கு மருத்துவம் பெறவும் அவ்வளவு உரிமை உண்டு. மனநோய் மக்கள் நலத்துக்குக் காசநோயைவிடக் குறைந்த ஆபத்தல்ல. ஒருநாள் அரசுகள் இதை உணரும். அதுவரை தனியார் தொடங்கட்டும். அந்த மருத்துவம் இலவசமாக இருக்கும்.

சொன்னது காற்றோடு போகவில்லை. 1920 பிப்ரவரியில் பெர்லினில் எய்ட்டிங்கன் என்பவரின் பொருளுதவியோடு முதல் மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. வீட்டு வேலைக்காரப் பெண்கள், தொழிலாளர்கள், எழுத்தர்கள், ஆசிரியர்கள் வந்தார்கள். முடிந்தவர் முடிந்ததைக் கொடுத்தார். முடியாதவர் கொடுக்க வேண்டியதில்லை. 1922 மே மாதம் வியன்னாவிலும் ஒன்று திறந்தது. மருத்துவமனை ஒன்றின் இதயநோய்ப் பிரிவு அறைகளைப் பிற்பகலில் இரவல் வாங்கி நடத்தினார்கள். ஃபிராய்டின் வீட்டுக் கம்பளம் விரித்த சாய்விருக்கை அங்கே கிடையாது. பரிசோதனை மேசைமேல்தான் நோயாளி ஏறிப் படுக்க வேண்டும்.

அன்றைய வியன்னா, சிவப்பு வியன்னா. 1919 முதல் 1934 வரை தொழிலாளர் கட்சி நகராட்சியை நடத்தி, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆட்லர் தம் குழுவினரோடு இலவச ஆலோசனை நிலையங்கள் நடத்தினார். இலவச மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய வில்ஹெல்ம் ரைக் என்ற இளம் மருத்துவர் ஒரு சங்கடமான கேள்வியைக் கிளப்பினார். ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்து, வேலையும் போய்க் கிடப்பவனை ஒவ்வொருவராகப் படுக்க வைத்துப் பேச விட்டால் போதுமா? வீட்டையும் கூலியையும் பற்றி யார் கேட்பது? பின்னாளில் அவர் போன பாதை விசித்திரமானது. நாம் அதை ஆதரிப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. சில நூறு பேருக்கு மட்டுமே இடமிருந்த ஒரு நிலையம் இருபது இலட்சம் பேர் நகரத்தின் துயரைத் துடைத்துவிட முடியாது. பதில் கிடைக்குமுன் காலமும் மாறிவிட்டது.

பெர்த்தா என்ன ஆனார் என்று நேயர்கள் கேட்கலாம். புரோயரின் நூல் அவர் குணமானதாகச் சொல்கிறது. உண்மையில் 1882இல் அவரை சுவிட்சர்லாந்தில் ஒரு நலவிடுதியில் சேர்க்க வேண்டியிருந்தது. தேறுவதற்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. பின் தாயாரோடு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரம் சென்றார். 1895 முதல் அநாதைப் பெண்கள் இல்லத்தை நடத்தினார். 1904இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். ஏழைப் பெண்களை ஏமாற்றி விலைக்கு விற்ற கும்பல்களை எதிர்த்து நாடு நாடாகச் சென்று போராடினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் இளமை நோயைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உளப்பகுப்பாய்வின் முதல் நோயாளி அவர்தான் என்ற செய்தி, அவர் 1936இல் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1953இல்தான் அச்சில் வந்தது. மறு ஆண்டு மேற்கு ஜெர்மனி அவர் படத்தோடு ஓர் அஞ்சல் தலை வெளியிட்டது. அது அவருடைய தொண்டுக்காக.

1933 மே மாதம் பெர்லினில் நாஜிகள் ஃபிராய்டின் நூல்களைத் தீயிலிட்டனர். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. இலவச மருத்துவ நிலையம் மூடப்பட்டது. அங்கே பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். உயிருக்கு அஞ்சிப் பல நாடுகளுக்குச் சிதறினர். நவம்பரில் பெர்த்தா நிறுவிய பெண்கள் இல்லத்துக்கும் தீ வைக்கப்பட்டது. ஃபிராய்டின் மகள் அன்னாவை இரகசியப் போலீசார் ஒருநாள் முழுதும் பிடித்து வைத்து விசாரித்தனர். அதன்பின்தான் கிழவர் நாட்டை விட்டுப் போகச் சம்மதித்தார். 1938 ஜூன் 4ஆம் நாள், 82 வயதில், வாயில் புற்றுநோயோடு வியன்னாவை விட்டு லண்டன் புறப்பட்டார். வியன்னாவிலேயே தங்கிய அவருடைய தங்கைகள் நால்வரும் பின்னர் நாஜி முகாம்களில் மாண்டனர். ஃபிராய்டு 1939 செப்டம்பர் 23ஆம் நாள் காலமானார்.

லண்டனுக்குக் கொண்டுபோன சாமான்களில் ஒரு சிறு தந்த விஷ்ணு சிலையும் இருந்தது. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்னும் மருத்துவர் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கி, ஃபிராய்டோடு கடிதத்தில் வாதாடி வந்தார். ஐரோப்பியர் மனத்துக்குச் சொன்னதெல்லாம் இந்தியர் மனத்துக்கு அப்படியே பொருந்தாது என்று தயங்காமல் எழுதியவர் அவர். 1931இல் ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு அச்சங்கம் அனுப்பிய சிலை அது. மேசைமேல் வைத்திருந்தபோது மரத்திலும் தந்தத்திலும் வெடிப்பு விட்டது. கல்கத்தாவில் பழகிய தெய்வத்துக்கு வியன்னாத் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஃபிராய்டு வேடிக்கையாக எழுதி வைத்தார். அவருடைய லண்டன் வீடு இப்போது அருங்காட்சியகம். சாய்விருக்கை அங்கேதான் இருக்கிறது. வியன்னாவில் அவர் நாற்பத்தேழு ஆண்டுகள் குடியிருந்த பெர்க்காஸ தெரு 19ஆம் எண் வீடும் அருங்காட்சியகமே. அந்த அறையில் சாய்விருக்கை இருந்த இடம் காலியாக இருக்கிறது.